பட்டான் கல்லும் பினாங்கு வானமும்

நடுகல் சாசனங்களைப் பயில்வோர் ஒரே வாக்கிய அமைப்பைத் திரும்பத் திரும்பக் காண்பர். அரசனின் ஆட்சியாண்டு, ஊர், நிகழ்ந்த பூசல், வீரனின் பெயர், இறுதியில் ‘பட்டான் கல்’ என்பதே அவ்வமைப்பு. ‘பட்டான்’ இங்கே ‘போரில் மாண்டான்’ எனப் பொருள்படும் முழுவினை. இன்று அது ‘அகப்பட்டான்’, ‘அடிபட்டான்’ போன்ற சொற்களில் துணையாகத் தேய்ந்து நிற்கிறது. செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் மாண்ட வீரனோடு, கள்வரைக் கடித்து நின்ற ‘கோவிவன்’ என்னும் நாயையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. உடன் நின்ற எவரையும் பெயரின்றி விடலாகாது என்பதே அம்மரபின் அறம்.

இவ்வளவுகோலை ஏந்திப் பினாங்கின் சூலியா தெருவுக்கு வருவோம். இங்குள்ள நாகூர் தர்கா, கடல் கடந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. சாகுல் ஹமீது ஆண்டகை அடங்கியிருப்பது நாகூரில். அவர்தம் நினைவிடமோ இங்கும் உண்டு. உடல் ஓரிடத்திலும் நினைவு வேறோரிடத்திலும் இருக்கலாம் என்பதை இத்தெரு நெடுங்காலமாக அறியும்.

இத்தீவுக்கு எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விமானத்தளம் உள்ளது. 1941 டிசம்பர் 9 அன்று, ஜப்பானியர் கைப்பற்றியிருந்த சிங்கோராவைத் தாக்க அங்கே பிளெனிம் குண்டுவீச்சு விமானங்கள் ஆயத்தமாயின. 62ஆம் படைப்பிரிவின் ஆர்தர் ஸ்கார்ப் முதலில் மேலெழுந்தார். அவர் எழுந்த சிறு பொழுதில் ஜப்பானிய விமானங்கள் தளத்தைத் தாக்கின. எஞ்சியவை எழ இயலவில்லை. 28 வயதே ஆன அவர் திரும்பிவிடாமல் தனியே சென்று குண்டுகளை வீசினார். திரும்பும் வழியில் எதிரியின் சண்டை விமானங்கள் சுட்டதில் படுகாயமுற்றார். உடன் சென்ற கால்டர், ரிச் என்னும் இரு சார்ஜண்டுகளும் துணைநிற்க, அலோர் ஸ்டாரில் விமானத்தை வயலில் இறக்கினார். அவ்விருவரும் காயமின்றிப் பிழைத்தனர். தம் மனைவி செவிலியராகப் பணிபுரிந்த அவ்வூர் மருத்துவமனையில் ஸ்கார்ப் அன்றே மாண்டார். மலாயா வீழ்ந்தபின் அச்செயல் ஆண்டுக்கணக்கில் வெளியுலகுக்கு எட்டவில்லை. போர் முடிந்து, 1946 ஜூன் 21 அன்றுதான் விக்டோரியா சிலுவை அறிவிக்கப்பட்டது. அவர் கல்லறை தைப்பிங் போர்க் கல்லறைத் தோட்டத்தில் உள்ளது. ஆண்டு, ஊர், செயல், பெயர் என நடுகல் வாக்கியத்தின் உறுப்புகள் அனைத்தும் அவருக்கு நிறைந்துள்ளன. கண்டவர் உயிருடன் இருந்து சொன்னமையால் அவை நிறைந்தன.

இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 11 அன்று, ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் மீது வந்தன. தீவில் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் இல்லை. அதுவரை வான்தாக்குதலைக் கண்டறியாத மக்கள் தெருக்களில் திரண்டு அண்ணாந்து பார்த்து நின்றனர். குண்டுகள் அவர்கள்மீதே வீழ்ந்தன. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் மாண்டனர். அவர்களுக்கும் அவ்வாக்கியத்தை எழுதிப் பார்ப்போம்: 1941, ஜார்ஜ் டவுன், குண்டுவீச்சில் பட்டார். ஆண்டு உண்டு, ஊர் உண்டு, வினை உண்டு. எழுவாய் மட்டும் பெரும்பாலும் வெற்றிடமாகவே நிற்கிறது.

விமானியை நினைப்பது இவர்களை மறப்பதற்கு ஈடாகாது; இவர்களை நினைப்பது அவர் பெருமையைக் குறைக்கவும் செய்யாது. ஒரே வானத்தின்கீழ், ஒரே வாரத்தில் பட்டவர்கள் இவர்கள். போர்க்காலத்தைக் குழந்தைகளாய்க் கண்டவர் சிலரே இன்று நம்மிடையே உள்ளனர். ஆசிரியர்கள் மாணவரை அவர்களிடம் அனுப்புக. மாணவர்கள் தத்தம் குடும்பத்து முதியோரிடமும், பழைய குடும்ப ஏடுகளிலும், பள்ளிவாசல், கோயில் பதிவேடுகளிலும் தேடுக. கிடைக்கும் ஒவ்வொரு பெயரையும் ஊரோடும் நாளோடும் சேர்த்து எழுதி வைப்போம். கல் பின்னர் நடலாம். எழுவாயை இப்போதே தேட வேண்டும்.