ஓவியம் தீட்டிய மணமுறியும் மலைநாட்டுப் பதிவேடும்

திருமணப் பத்திரமொன்றை ஆராயப் புகுவோர் அதன் ஓரத்துப் பூவேலைப்பாட்டில் மனம் பறிகொடுத்தல் இயல்பே. யூத மக்களிடையே வழங்கும் கெத்துபா எனும் மணமுறி அத்தகைய மயக்கத்தைத் தரவல்லது. ஆஸ்திரியாவின் கிரெம்ஸ் நகரில் 1391-92 காலப்பகுதியில் எழுதப்பட்ட முறியொன்றில், மணமகன் மணமகளுக்கு மோதிரம் நீட்டும் காட்சி தீட்டப்பட்டுள்ளது. 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலிய நகரங்களில் இக்கலை உச்சநிலை எய்தியது. தோரணவாயில்களும் இராசிச் சின்னங்களும் விவிலியக் காட்சிகளும் தோற்பத்திரத்தை நிறைத்தன. நமக்கு அண்மையிலுள்ள கொச்சி யூதரும் தம் முறிகளைப் பூவேலைப்பாட்டால் அணிசெய்தனர்.

ஆயின், இவ்வலங்காரத்தின் நடுவே அரமேய மொழியில் நிற்பது ஒரு கடன் பத்திரமே. கணவன் மனைவியை விலக்கினால், அல்லது இறந்தால், அவளுக்குச் சேரவேண்டிய தொகை இன்னதென அது வரையறுக்கின்றது. கன்னிக்கு 200 சூஸ், கைம்பெண்ணுக்கு 100 என்பது மரபு. அவள் கொணர்ந்த சீதனமும் அதிற் குறிக்கப்படும். கணவனின் உடைமை முழுவதும் அக்கடனுக்குப் பிணையாகும். ஆண் தலைமையையும் சொத்துடைமையையும் கேள்விக்குள்ளாக்காது, அவற்றினுள்ளேயே பெண்ணுக்கு ஓரளவு காப்பளித்த ஆவணமாக இதனை நாம் மதிப்பிடலாம். ஓவியமோ குடும்பத்தின் செல்வநிலையை ஊரறியச் செய்தது. இதற்கான செலவுக்கு இத்தாலிய யூத சமூகங்கள் சில வரம்பு விதிக்க நேர்ந்தமை இதனாலேயே.

கண்டி இராச்சியத்திலோ மணவுறவு எழுத்தினின்று பிறக்கவில்லை. உறவினரின் இசைவினின்று பிறந்தது. மனைவி கணவன் இல்லம் புகுவது தீக மணம். கணவன் மனைவி இல்லத்தில் வந்து வாழ்வது பின்ன மணம். தீகத்திற் சென்ற மகள் தந்தையின் பரவேணி நிலத்தில் உரிமையிழந்தாள். பின்னத்தில் இருந்தவள் அதனைப் பேணினாள். மணத்தின் வடிவத்தை நிலமே நிருணயித்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1859ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் பலகணவர் மணத்தைத் தடைசெய்ததோடு பதிவையும் கட்டாயமாக்கியது. சடங்கால் இணைந்தும் பதியாதோர் சட்டத்தின் கண்களில் மணமாகாதோராயினர். 1870இல் அச்சட்டத்தின் இடத்தைப் புதிய சட்டம் பெற்றது. தீகம், பின்னம் என்னும் சொற்களுள் ஒன்று பதிவேட்டில் இடம்பெற்றமையே மகளொருத்தியின் நிலவுரிமை வழக்கைத் தீர்க்கும் சிறந்த சான்றாயிற்று. அங்கே பூவேலைப்பாடு எதுவுமில்லை.

இவ்விரு மரபுகளும் ஒரே மலையில் அருகருகே நின்றதும் உண்டு. 1841இல் புசல்லாவையில் றொத்சைல்ட் தோட்டத்தை அமைத்த வர்ம்ஸ் சகோதரர்கள் பிராங்பேட் றொத்சைல்ட் குடும்பத்தின் மகள்வழிப் பேரர்களான யூதர். இதனைக் கொண்டு 'யூத முதலாளியம்' என்றொரு பூதத்தைக் கற்பிப்போருடன் நாம் உடன்படோம். அயலிலிருந்த ஸ்கொத்லாந்து, ஆங்கிலேயத் துரைமாரின் சுரண்டலும் வேறு தன்மையதன்று.

அத்தோட்டங்களுக்குத் தமிழகத்தினின்று கொணரப்பட்ட தொழிலாளர் தாலியைச் சாட்சியாகக் கொண்டு மணந்தனர். கண்டியச் சட்டம் அவர்களைத் தீண்டவில்லை; பதிவாளரை நாடியோர் சிலரே. அவர்களது குடும்பத்தைப் பற்றி எழுத்தில் நின்றது 'துண்டு' எனும் கடன்சீட்டு. கெத்துபா கணவன் மனைவிக்குப் பட்ட கடனைச் சொன்னது. துண்டோ தொழிலாளர் தோட்டத்துக்குப் பட்ட கடனைச் சொன்னது. அது தீர்க்கப்பட்டாலன்றி மற்றொரு தோட்டத்தில் அவர்களுக்கு வேலையில்லை. 1921இலேயே இம்முறை ஒழிக்கப்பட்டது.

எழுத்தில்லா மணத்தின் விலையை அவர்கள் 1949இற் செலுத்தினர். இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் மணமானவரிடம் 7 ஆண்டு வதிவையும், மணமாகாதவரிடம் 10 ஆண்டு வதிவையும் கோரியது. மணமான ஆணின் மனைவி, மணநாளின் முதலாம் ஆண்டு நிறைவுக்குப் பிந்தாமல் இந்நாட்டில் வதியத் தொடங்கியிருத்தல் வேண்டுமென்றும் விதித்தது. மணநாள் எதுவென ஆணையாளர் வினவியபோது தாலி விடை பகரவில்லை. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர். எஞ்சியோர் 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இரு அரசுகள் பங்கிட்டுக்கொண்ட எண்ணிக்கைகளாயினர்.