பாண் மாவுக்குள் ஒரு கத்தரிக்கோல்

பாண் மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட் எனப்படும் மதுவத்தை அறியாதவர் இல்லை. அந்த நுண்ணுயிரியில் கண்டறியப்பட்ட ஒரு நொதியத்தின் கதை, இன்றைய மரபணுத் திருத்தத்தின் முன்கதையுமாகும்.

பாரிஸுக்கு அண்மையிலுள்ள ஜிஃப்-சூர்-இவெத் என்னும் ஊரில் அது தொடங்குகிறது. 1922இல் வார்சோவில் பிறந்து, இரண்டாம் உலகப் போரின் பின் பிரான்சில் குடியேறிய பியோத்தர் ஸ்லோனிம்ஸ்கி அங்கே ஆய்வுகூடம் நடத்தினார். கலத்துக்குச் சக்தி வழங்கும் இழைமணிகளுக்கும் சொந்த மரபணுக்கள் உண்டு. அவை சந்ததிக்குக் கடத்தப்படும் விதத்தை அவரது குழுவினர் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய்ந்தனர். இரு வகை மதுவங்களைக் கலந்தபோது, ஓரிடத்தை அண்டிய பண்புகள் பெரும்பாலும் ஒரு பெற்றோரிடமிருந்தே வந்தன. காரணம் புலப்படவில்லை. அவ்விடத்துக்கு ‘ஒமேகா’ என்று பெயரிட்டுத் தேடலைத் தொடர்ந்தனர்.

மரபணுக்களின் நடுவே இன்ட்ரன் எனப்படும் இடைச்செருகல்கள் உள்ளன என்பது 1977இல் தெரியவந்தது. 1980இல் பேர்னார் துயோன், ஒமேகாவும் 1,143 எழுத்துகள் கொண்ட ஓர் இன்ட்ரனே என்று காட்டினார். அதனுள் ஒரு புரதத்துக்கான குறிப்பும் இருந்தது. இழைமணியின் மரபுக் குறியீடு சற்று வேறானது என்பதால், அக்குறிப்பைப் பொதுக் குறியீட்டுக்கு மாற்றி எழுதி, 1986இல் பக்ரீரியாவினுள் அப்புரதத்தை உற்பத்தி செய்தனர். அது டி.என்.ஏ.யை வெட்டும் நொதியம்!

இன்ட்ரன் இல்லாத மரபணுவில் 18 எழுத்துத் தொடரொன்றை அது இனங்கண்டு வெட்டுகிறது. இன்ட்ரன் உள்ள மரபணுவில் அத்தொடர் ஏற்கெனவே பிளவுபட்டிருப்பதால் அது தப்பிவிடுகிறது. வெட்டுண்டதைச் சீர்செய்யும் கலம், வெட்டுப்படாத பிரதியைப் பார்த்தே நிரப்புகிறது. இன்ட்ரனும் கூடவே படியெடுக்கப்படுகிறது. ஒருதலைப்பட்சத்தின் இரகசியம் இதுவே.

‘ஐ-எஸ்சிஇ ஒன்று’ எனப்படும் இந்நொதியத்தை, 1994இல் நியூயோர்க்கில் மரியா ஜாசினின் குழுவினர் எலியின் கலங்களில் பயன்படுத்தினர். நிறமூர்த்தத்தை வெட்டினால், விஞ்ஞானி தரும் மாதிரியைப் பார்த்துக் கலம் திருத்திக்கொள்வது பன்மடங்கு கூடுவதைக் கண்டனர். அந்நொதியம் தன் 18 எழுத்துகளை மட்டுமே அறியும். விரும்பிய இடத்தை எளிதில் வெட்டும் கிறிஸ்பர் கத்தரிக்கோல் 2012இல் வந்தது. 2020இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. வெட்டினால் கலம் திருத்தும் என்ற அடிப்படை மட்டும் பழையதே.

ஸ்லோனிம்ஸ்கி 2009இல் மறைந்தார். மதுவத்தின் பரம்பரைக் கணக்கு ஏன் பிசகுகிறது என்று ஆராய்ந்தவர்களிடம் ‘இதனால் என்ன பயன்?’ என்று அன்று கேட்டிருந்தால், அவர்களால் மறுமொழி கூறியிருக்க முடியாது. ஆய்வுக்கு நிதி ஒதுக்குவோர் இதனை நினைவிற்கொள்வது நல்லது.