சுங்கை கிளா சுடுதண்ணியும் நம் தோட்டங்களும்

விடுமுறையில் மாணவர்களை எங்கே அழைத்துப் போகலாம் என்று யோசிக்கிறீர்களா? ஈப்போவிலிருந்து பழைய சாலையில் தெற்கே வாருங்கள். கம்பார், தாப்பா, பீடோர் தாண்டினால் சுங்காய். அங்கிருந்து மலைப்பக்கமாக உள்ளே போனால் சுங்கை கிளா வெந்நீர் ஊற்று. நம்ம ஆளுங்களுக்கு அது எப்போதும் ‘சுடுதண்ணி’தான். பின்னால் தித்திவங்சா மலைத்தொடர், கீழே ஆற்றுப் பள்ளத்தாக்கு, காலையில் நீரிலிருந்து எழும் ஆவி. முட்டையை இறக்கி அவித்துத் தின்னலாம். பிள்ளைகளுக்கு அது போதும். நமக்குப் போதாது.

முதலில் ஒரு சின்னப் பிழையைத் திருத்திவிடுவோம். ‘எரிமலையால் சூடான நீர்’ என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். தீபகற்ப மலேசியாவில் உயிருள்ள எரிமலையே கிடையாது. மழைநீர் கருங்கல் பாறையின் வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை சூடு கூடும். அப்படிச் சூடேறிய நீர் வேறொரு வெடிப்பைப் பிடித்து மேலே வந்துவிடுகிறது. அவ்வளவுதான்.

அடுத்த பிழை பெரியது. ஊற்றை நடத்துவது பெல்டா. அதைப் பார்த்துவிட்டு, ‘சுதந்திரத்துக்குப் பின் தோட்டப் பாட்டாளிகளுக்கு பெல்டா நிலம் கொடுத்தது’ என்று என் மாணவி ஒருத்தி எழுதினாள். அவள் பாட்டியே லயத்தில் பிறந்தவர்! 1956-இல் அமைக்கப்பட்ட பெல்டா, காடழித்து நிலமற்றவர்களைக் குடியேற்றியது. குடியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். அதே ஐம்பதுகளில் நம் மக்களுக்கு நடந்தது தோட்டத் துண்டாடல். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன; வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள்; லயம் காலியானது. இதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பால்வெட்டுத் தொழிலாளர்களையே பங்குதாரர்களாகச் சேர்த்தார். தேர்வில் பெல்டாவையும் இச்சங்கத்தையும் ஒன்றாக்கி எழுதினால் மதிப்பெண் போவது ஒருபுறம். பாட்டியின் கதையே மாறிப்போகிறது.

நேரம் இருந்தால் ஊற்றிலிருந்து திரும்பும்போது இன்னும் தெற்கே துரோலாக், சிலிம் ரிவர் வரை போங்கள். இருபுறமும் பெரும்பாலும் செம்பனை. 1942-இல் அங்கே ரப்பர்க் காடு. அவ்வாண்டு ஜனவரி 7, விடிவதற்கு முன் ஜப்பானிய டாங்கிகள் இந்தச் சாலையைப் பிளந்துகொண்டு வந்தன. தடுத்து நின்ற 11-ஆம் இந்தியப் படைப்பிரிவு ஒரே நாளில் சிதறியது. நான்கு நாளில் கோலாலம்பூர் விழுந்தது. பாடநூல் அத்தோடு அடுத்த பக்கம் போய்விடும். தோட்டங்களுக்கோ அதன் பிறகுதான் ஆரம்பம்: பல்லாயிரம் தமிழர்களைச் சயாம்–பர்மா ரயில்பாதை போட ஏற்றிப் போனார்கள்.

என் பாட்டியை முட்டிவலிக்காக ஒருமுறை சுடுதண்ணிக்கு அழைத்துப் போனேன். முப்பது வருஷம் வெளிக்காட்டில் பால் வெட்டிய கால். குளத்தில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, யாரும் கேட்காமலே சொன்னார்: “எங்கப்பா சயாமுக்குப் போனாரு. போறப்ப, பெரட்டுக்களத்துல நின்னு கைய ஆட்டுனாரு. நான் திரும்ப ஆட்டல, பயம்.” அவர் திரும்பி வரவில்லை. வீட்டில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ‘அதெல்லாம் எதுக்கு’ என்றுதான் பதில் வரும்.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். அங்கே காலை ஊறவைத்து உட்கார்ந்திருப்பவர்களில் பழைய தோட்டத்துத் தாத்தா பாட்டிகள் இருப்பார்கள். மாணவர்களை வினாத்தாளோடு அனுப்பாதீர்கள். பேட்டி மாதிரி ஆகிவிட்டால் பேச்சு நின்றுபோகும். பக்கத்தில் காலை நனைத்து உட்காரச் சொல்லுங்கள். எந்தத் தோட்டம் தாத்தா, லயத்தை விட்டு எப்போது வந்தீங்க, வீட்டில் யாராவது சயாமுக்குப் போனாங்களா என்று கேட்டால் போதும். அனுமதி வாங்கிக் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். ஆண்டு தவறாகச் சொன்னாலும் இடைமறிக்க வேண்டாம். ஆண்டை வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

மதியம் போகாதீர்கள். வெயிலும் சுடும், தண்ணியும் சுடும். பெரியவர்கள் அதற்குள் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள்.