கட்டடத் தொழிலாளர் நிதியும் பாராளுமன்றமும்

வேற்று மாநிலங்களில் உழைத்து வாழும் தமிழ் மக்களுக்குச் சட்டம் எவ்வளவு தூரம் துணை வருகிறது என்பது நெடுநாளாக எழுந்து வரும் கேள்வியாகும். சொந்த ஊரில் பெயரைப் பதிந்து பெற்ற உரிமை, மாநில எல்லையைக் கடந்தவுடன் செல்லாமற் போன அனுபவம் நம்மவர் பலருக்கு உண்டு. இக்கேள்விக்குப் பாராளுமன்றம் எவ்வாறு விடை தேடிற்று, அவ்விடை எங்கே தடைப்பட்டு நின்றது என்பதைக் கட்டடத் தொழிலாளர் நிதியின் வரலாற்றைக் கொண்டு இவ்வுரையில் காண்போம்.

இதற்குக் கஞ்சிக்கோட்டை நாம் களமாகக் கொள்ளலாம். கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கு நோக்கிச் செல்வோர், வாளையாற்றைத் தாண்டியபின் அடையும் ஊர் அது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் கேரள மாநிலம் அமையும் வரையில் மலபார் ஜில்லா சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது. ஆகவே, கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து கஞ்சிக்கோட்டுக்குக் கூலி வேலைக்குச் சென்றவன் அக்காலத்தில் அயல் மாநிலத்தான் அல்லன். எல்லை வகுக்கப்பட்ட பின்னரே அவன் அப்பெயரைப் பெற்றான். எழுபதுகளில் மத்திய சர்க்காரின் கருவித் தொழிற்சாலை அங்கே நிறுவப்பட்டது. பின்னர் இரும்பாலைகளும் பிற ஆலைகளும் பெருகி, கேரளத்தின் பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்றாக அவ்வூர் வளர்ந்தது. தமிழகத்தாரோடு ஒடிசா, பீகார், வங்காளம், அஸ்ஸாம் முதலிய பகுதிகளிலிருந்து வந்தோரும் இன்று அவ்வட்டாரத்தில் உழைக்கின்றனர்.

இத்தகைய ஊரில் இருவகைத் தொழிலாளரை நாம் காண்கிறோம். ஒருவர் ஆலையில் நிலையாக வேலை செய்பவர். மற்றவர் அந்த ஆலைக்குச் சுவர் எழுப்பும் கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர். முதல்வருக்கு 1948-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் அரசாங்கக் காப்பீட்டுச் சட்டமும், 1952-இல் வந்த சேமநல நிதிச் சட்டமும் துணை நிற்கலாயின. காப்பீட்டுத் திட்டத்தை 1952 பிப்ரவரி 24-ஆம் நாள் கான்பூரில் நேரு அவர்கள் தொடங்கிவைத்தார். இவ்விரண்டும் மத்திய ஏற்பாடுகள். தொழிலாளி மாநிலம் மாறினும் அவர் கணக்கு அழிவதில்லை.

கட்டடத் தொழிலாளியின் நிலை அவ்வாறன்று. அவருக்கு ஒரே முதலாளி என்று எவரும் இல்லை. ஆறு திங்கள் ஒரு மேஸ்திரியிடமும், அடுத்த மூன்று திங்கள் வேறொரு கண்டிராக்டரிடமும் வேலை செய்வார். கட்டடம் முடிந்தால் அந்த உறவும் முடிந்துவிடும். மாதச் சம்பளத்திலிருந்து பிடித்துச் சேர்க்கும் ஏற்பாடு இவருக்குப் பொருந்தவில்லை. சாரத்திலிருந்து விழுந்து உயிர் நீத்தால் குடும்பத்துக்குப் பிறர் இரக்கத்தால் கொடுப்பதே கதியாயிற்று. தமிழகத்தில் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டு, 1994-இல் கட்டடத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. கேரளத்தில் 1989-இல் தனிச் சட்டம் பிறந்தது. இவை முன்னோடி முயற்சிகளே எனினும், ஒவ்வொன்றின் அதிகாரமும் தத்தம் எல்லையோடு நின்றது.

நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வேண்டும் என்ற கோரிக்கையுடன் 1985-இல் ஒரு தேசியப் பிரசாரக் கமிட்டி உருவாயிற்று. அதன் தலைமையை ஏற்றவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். கஞ்சிக்கோட்டை அடுத்த பாலக்காட்டுப் பகுதியிலுள்ள வைத்தியநாதபுரத்தில் 1915-இல் பிறந்த தமிழ்க் குடும்பத்தவர் அவர். 1957-இல் கேரள மந்திரியாகவும், 1973 முதல் 1980 வரை சுப்ரீம் கோர்ட் நீதிபதியாகவும் பணியாற்றியவர். அக்கமிட்டி, சுமார் நான்கு லட்சம் தொழிலாளர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்றை 1986-இல் லோக்சபையின் மனுக் கமிட்டியிடம் சேர்ப்பித்தது.

மனுக் கமிட்டியைப் பற்றி ஈண்டு ஒரு சொல் கூறவேண்டும். குடிமக்கள் தம் குறையைப் பாராளுமன்றத்துக்கு நேரே எழுதி அனுப்பலாம் என்னும் வழக்கம் நம் நாட்டில் 1924 முதலே இருந்து வருகிறது. சபாநாயகர் நியமிக்கும் அங்கத்தினர்கள் அம்மனுவை ஆராய்ந்து சபைக்கு அறிக்கை தருவர். இவ்வழியைத்தான் கல்லும் மண்ணும் சுமப்போர் நாடினர். இதற்கிடையே 1988-இல் சர்க்கார் ஒரு மசோதாவைக் கொணர்ந்தது. அது போதாது என்று தொழிலாளர் அமைப்புகள் வாதிட்டன. 1989-இல் மனுக் கமிட்டி தன் பரிந்துரைகளை வழங்கியது. 1995 நவம்பரில் ஓர் அவசரச் சட்டமும், 1996-இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய இரு சட்டங்களும் பிறந்தன. மனு கொடுத்த நாளிலிருந்து சட்டம் வரப் பத்து ஆண்டுகள் ஆயின.

அச்சட்டங்கள் கண்ட வழி எளியது. முதலாளி மாறினாலும் கட்டடம் நிற்கிறதல்லவா? ஆகவே, கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை செஸ் என்னும் தீர்வையாக வசூலிக்கலாம் என்று விதித்தனர். நடைமுறையில் அது நூற்றுக்கு ஒன்றாக அமைந்தது. ஒரு கோடி ரூபாய்க் கட்டடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய். அத்தொகை மாநில நலவாரியத்தைச் சேரும். விபத்து, முதுமை, மகப்பேறு, குழந்தைகளின் கல்வி, வீட்டுக் கடன் முதலியவற்றுக்கு அதிலிருந்து உதவ வேண்டும். இது தருமம் அன்று. உழைப்பால் எழுந்த கட்டடத்தின் மதிப்பில் உழைத்தவனுக்குச் சட்டம் ஒதுக்கிய பங்கு என்பதை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

பணம் வந்தது, ஆனால் பயனாளியிடம் சென்றதா? கிருஷ்ணய்யர் தலைமை வகித்த அதே கமிட்டி 2006-இல் சுப்ரீம் கோர்ட்டை அணுகியது. பாராளுமன்றத்தின் தொழிலாளர் நிலைக்குழுவும் 2017-இல் செஸ் நிதிகளைப் பற்றித் தனியே ஆராய்ந்து அறிக்கை தந்தது. 2018 மார்ச் 19-ஆம் நாள் நீதிபதிகள் மதன் லோகூர், தீபக் குப்தா ஆகியோர் அளித்த தீர்ப்பு நாட்டை விழிக்கச் செய்தது. வசூலானது 37,400 கோடி ரூபாய்க்கு மேல். செலவானது சுமார் 9,500 கோடி மட்டுமே. அச்செலவிலும் மடிக்கணினிகளும் சலவை இயந்திரங்களும் வாங்கப்பட்டதாகத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டப்பட்டது. கல்வியறிவு பெறாத கூலியாளுக்குச் சலவை இயந்திரம் என்ன செய்யும்?

நிதி தேங்கியதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் தலையாயது பெயர்ப் பதிவின் குறைவு. பதினெட்டு வயது நிரம்பி அறுபது எட்டாதவர், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 90 நாட்கள் கட்டட வேலை செய்திருந்தால் பதிவு பெறலாம். ஆனால், அந்த 90 நாட்களுக்குச் சான்று தரவேண்டியவர் மாறிக்கொண்டேயிருக்கும் கண்டிராக்டர்கள். மற்றொரு காரணம் நம்மவரை நேரே தாக்குவது. எடுத்துக்காட்டாக, பொள்ளாச்சியில் பெயர் பதிந்த கொத்தனார் கஞ்சிக்கோட்டில் ஆலை கட்டுகிறார் என்று கொள்வோம். அக்கட்டடத்தின் தீர்வை கேரள வாரியத்துக்குச் செல்லும். அவர் பெயரோ தமிழக வாரியத்தில் இருக்கும். ஒருபுறம் பெயரில்லாத பணம். மறுபுறம் பணம் சேராத பெயர். இடையே வாளையாறு.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இந்த முரண்பாடு உலகறியத் தெரிந்தது. அப்போது வாரியங்களின் வசம் சுமார் 52,000 கோடி ரூபாய் இருந்ததாகவும், பதிவு பெற்றோர் சுமார் மூன்றரைக் கோடிப் பேர் எனவும் மத்திய சர்க்கார் அறிவித்தது. அத்தொகையிலிருந்து உதவுமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. ஏட்டில் பெயர் இல்லாதோருக்கு அந்த வாசல் திறக்கவில்லை. அவ்வாண்டு ஜூலையில், பர்த்ருஹரி மஹ்தாப் தலைமையிலான நிலைக்குழு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு மசோதாவைப் பற்றி அறிக்கை அளித்தது. இந்நிதியின் பயன் மாநிலம் விட்டு மாநிலம் தொடர வழி செய்ய வேண்டும் என்றும், புலம்பெயர் தொழிலாளருக்குத் தனி நலநிதி வேண்டும் என்றும் அக்குழு கூறியது.

2020 செப்டம்பரில் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தன. பழைய செஸ் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பினுள் அடங்கிற்று. மாநிலம் மாறும் கட்டடத் தொழிலாளிக்குச் செஸ் நிதியின் பயன் தொடரும்படி சர்க்கார் திட்டம் வகுக்க வேண்டும் என்று பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமை பற்றிய தொகுப்பு கூறுகிறது. சட்டத்தில் எழுதிய சொல் வாரியத்தின் கணக்கில் இறங்குகிறதா என்பதை இனி அங்கத்தினர்கள் கேட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும்.

உறையுளைப் பற்றியும் ஒன்று சொல்வோம். 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம், கண்டிராக்டர் தக்க இருப்பிடம் தரவேண்டும் என விதித்திருந்தது. ஆயினும் தகரக் கொட்டகையே பலருக்கு வாய்த்தது. இந்நிலையில், கேரளத் தொழிலாளர் துறை சார்ந்த அமைப்பு ஒன்று, 'அப்னா கர்' என்னும் பெயரில், அயல் மாநிலத் தொழிலாளர் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் தங்கும் விடுதியைக் கஞ்சிக்கோட்டில் கட்டி 2019-இல் திறந்தது. அந்தச் சிறு முயற்சி, மனமிருந்தால் நிதி வீடாகவும் மாறக்கூடும் என்பதற்குச் சான்று.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? கூலி வேலை செய்வோர் ஒன்றுகூடி முறைப்படி மனுச் செய்தபோது பாராளுமன்றம் செவி சாய்த்தது. அது இயற்றிய சட்டம் பணத்தையும் திரட்டியது. பெயர்ப் பதிவு என்னும் சிறு கதவே அடைபட்டுக் கிடந்தது. ஆதலின், எந்த மாநிலத்தில் வேலை செய்கின்றோமோ, அம்மாநில நலவாரியத்தில் பெயரைப் பதிவதும், வேலை செய்த நாட்களுக்குச் சான்று கேட்டுப் பெறுவதும், உரிய காலத்தில் பதிவைப் புதுப்பிப்பதும் நம் கடமையாகும். எழுத்தறியாத அண்டை வீட்டாருக்குப் படிவம் நிரப்பித் தருவது தமிழ்ச் சங்கங்கள் ஆற்றத்தக்க பணி. நான்கு லட்சம் கையொப்பங்களால் பிறந்த உரிமை, ஒரு கையொப்பம் குறைந்ததால் ஒரு குடும்பத்துக்குக் கிட்டாமற் போதல் ஆகாது.