பால் வெட்டும் கத்தி

தாப்பா பக்கத்துத் தோட்டங்களை விட்டு வந்த சில வீடுகளில், பழைய சாமான்களுக்கு அடியில் பால் வெட்டும் கத்தி ஒன்று இன்னும் கிடக்கும். பேரப்பிள்ளைகளுக்கு இப்போ அதைப் பளபளக்க வைத்துச் சுவரில் மாட்ட ஆசை. துருவை எடுங்கள், தேய்மானத்தில் கை வைக்காதீர்கள்.

1877-இல் சிங்கப்பூர் வந்த ரப்பர் கன்றுகளில் சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. 1890-களில் ரிட்லி, மரத்தைக் கண்டபடி கொத்தாமல் ஒரே வெட்டை மீண்டும் மீண்டும் சீவும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் வகுத்தார். ஒரு தடவைக்குச் சீவுவது ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மேலோட்டமாகச் சீவினால் பால் குறையும். மழுங்கின கத்தியால் இது முடியுமா? ரிட்லியின் பெயர் புத்தகத்தில் இருக்கு. அந்த முறையைத் தினமும் நடத்திய கை, தீட்டித் தீட்டியே குறுகிப்போன இந்த இரும்பில்தான் இருக்கு.

பிடி நனையாமல் இரும்பை மட்டும் வினிகரில் சில மணி நேரம் ஊறவைத்து, கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவினால் போதும். மெஷினில் சாணை பிடித்தால், தீட்டுக்கல்லில் பல வருஷம் விழுந்த சாய்வு ஐந்து நிமிஷத்தில் போய்விடும். பிடியில் துணி சுற்றியிருந்தால் அவிழ்க்க வேண்டாம்.