நெஞ்சுக்குள் ஒரு காவல்: ஐ.சி.டி. பொருத்தியோரும் இணையவழி ஆதரவும்

இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது பதின்ம வயதில் போலந்திலிருந்து தப்பியோடியவர் மிஷெல் மிரோவ்ஸ்கி. பின்னாளில் வைத்தியரான அவர், தன் மதிப்புக்குரிய மூத்த வைத்தியர் ஒருவர் இதயத்துடிப்புக் கோளாறால் இறந்ததைக் கண்டு, உடலுக்குள் இருந்தே உயிரைக் காக்கும் கருவியொன்றை உருவாக்க முனைந்தார். அதுவே ஐ.சி.டி. 1980 பெப்ரவரி 4 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

பேஸ்மேக்கர் எனப்படும் இதயமுடுக்கி, மெதுவாகத் துடிக்கும் இதயத்தைச் சீராக்குவது. ஐ.சி.டி. அதற்கும் மேலாக, உயிராபத்தான வேகத் துடிப்பை மின்னதிர்ச்சி கொடுத்து நிறுத்தும். நெஞ்சில் உதை விழுந்தது போலிருந்தது என்பார்கள் அந்த 'ஷொக்'கை அனுபவித்தவர்கள். அடுத்தது எப்போது வருமோ என்ற பயத்தில் வெளியே போகாமலும் உறங்காமலும் இருப்போர் உண்டு. இப்பயத்தைச் சில நிமிட வைத்தியச் சந்திப்பில் சொல்லித் தீர்க்க முடியாது. அதே அனுபவமுள்ள இன்னொருவரோடு பேசும்போது மனம் ஆறும். இணையவழி ஆதரவுக் குழுக்களின் பயன் இதுதான். வேற்றுமொழியில் இருப்பவற்றை எமது பெரியவர்களுக்குப் பக்கத்தில் இருந்து வாசித்துச் சொல்லலாம்.

ஆயினும் மூன்று விடயங்களை அங்கே கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

முதலாவது, ஷொக் வந்த நேரம். ஒருமுறை வந்து, உடல் சுகமாக இருந்தால் அன்றே உங்கள் சிகிச்சைப் பிரிவுக்கு அறிவியுங்கள். அடுத்தடுத்து வந்தாலோ, மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தாலோ உடனே அவசர உதவியை அழையுங்கள்: ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, பிரித்தானியாவில் 999, கனடாவில் 911.

இரண்டாவது, கட்டிலருகே வைக்கத் தரும் கண்காணிப்புப் பெட்டி. அது தகவல்களை வைத்தியசாலைக்கு அனுப்பும், அம்புலன்ஸை அழைக்காது. பெட்டி இருக்கிறதே என்று நாம் காத்திருக்கக் கூடாது.

மூன்றாவது, நாம் வீட்டில் பேசத் தயங்குவது. தீராத நோயின் கடைசிக் கட்டத்தில், ஷொக் கொடுக்கும் செயற்பாட்டை மட்டும் நிறுத்திவைக்கலாம். அதற்குச் சத்திரசிகிச்சை தேவையில்லை, வலியும் இல்லை. நிறுத்தியவுடன் உயிர் போய்விடுவதும் இல்லை. பேசாமல் விட்டால், அமைதியாகப் போகவேண்டிய உயிரைக் கருவி திரும்பத் திரும்ப உலுக்கக்கூடும்.

அம்மாவோ அப்பாவோ தெளிவாகப் பேசக்கூடிய காலத்திலேயே அவர்களின் விருப்பத்தைக் கேட்டு, வைத்தியரிடம் பதிவுசெய்து வைப்போம். அந்தச் சந்திப்புக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்போம். பெற்றவரின் இறுதிக்காலத்தைப் பிள்ளையே மொழிபெயர்க்கும் நிலை வரவேண்டாம்.