ஹெட்லைட்டுக்குள்ள பனி: அடைக்கணுமா, மூச்சு விடணுமா?

ஐப்பசி மழை பிடிச்சா காஞ்சிபுரம் பக்கத்துல ஐயம்பேட்டையில நெசவாளர்கள் தெருவுல பாவு போட முடியாது. அதே ஈரக் காத்துதான் வாசல்ல நிக்கிற வண்டியோட ஹெட்லைட்டுக்குள்ளயும் பனியா படியுது. உடனே நாம, "எங்கயோ ஓட்டை இருக்கு, சிலிகான் வெச்சு அடைச்சுடு"னு சொல்றோம். 80 வருஷத்துக்கும் மேல முன்னாடி கார் உலகமும் இப்படித்தான் யோசிச்சது.

பழைய ஹெட்லைட்ல பல்புக்குப் பின்னாடி வெள்ளிமுலாம் பூசின ரிஃப்ளெக்டர் இருக்கும். ஈரமும் தூசியும் உள்ளே போனா அது கறுத்துடும், வெளிச்சம் மங்கும். ராத்திரி ரோட்டுல எதிரே நடந்து வர்ற ஆள் தெரியமாட்டார். அதனால 1940-ல் அமெரிக்கா 'சீல்டு பீம்' முறைக்கு மாறியது. கண்ணாடி, ரிஃப்ளெக்டர், இழை மூணையும் காத்து புகாதபடி ஒண்ணா சேர்த்த, 7 அங்குல வட்ட விளக்கு அது.

ஈரப் பிரச்சினை தீர்ந்தது. ஆனா இழை அறுந்தா முழு விளக்கையும் தூக்கிப் போடணும். ஆரம்பத்துல எந்தக் காரா இருந்தாலும் அதே வட்டக் கண்ணுதான்.

1983-ல் அந்த விதி தளர்ந்தது. 1984 மாடல் லிங்கன் மார்க் செவன், பல்பை மட்டும் மாத்துற ஹெட்லைட்டோட வந்தது. கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக், வேணுங்கிற வடிவம். கூடவே ஈரமும் திரும்பி வந்தது.

காரணம் எளிமையானது. லைட் எரியும்போது உள்ளே இருக்கிற காத்து சூடாகி விரியும். மழை பட்டுக் குளிர்ந்ததும் சுருங்கி, வெளிக்காத்தை உள்ளே இழுக்கும். ஜில்லுனு இருக்கிற முன்பக்கத்துல அந்த ஈரம் துளியா படியும். அதனால இப்போ விளக்குக்குப் பின்னாடி காத்துவழி வைக்கிறாங்க. பலதுல மெல்லிய சவ்வு ஒண்ணு இருக்கும்: நீராவியை விடும், தண்ணியை விடாது. நான்ஸ்டிக் தோசைக்கல்லுல பூசுற பொருளை 1969-ல் அமெரிக்காவுல பாப் கோர் வேகமா இழுத்துப் பார்த்தப்ப கிடைச்சதுதான் இந்த வகைச் சவ்வு. மழைக் கோட்டுலயும் இதைப் பார்க்கலாம்.

இப்போ உங்க வண்டியைப் பாருங்க. லேசான பனி, லைட் போட்டு ஓட்டினா கொஞ்ச நேரத்துல மறையுதா? கவலை வேண்டாம். எல்.இ.டி.ல முன்பக்கம் அவ்வளவா சூடாகாது, கொஞ்சம் மெதுவா காயும். ஆனா அடியில தண்ணி தேங்கி நின்னா விரிசலையும், பின்மூடி ரப்பரையும் பாருங்க. காத்துவழி மண்ணால அடைபட்டிருந்தா சுத்தம் பண்ணுங்க. அதை மட்டும் சிலிகான் போட்டு மூடிடாதீங்க. உள்ளே போன ஈரத்துக்கு வெளியே வர வழியில்லாம போயிடும். அப்புறம் ரிஃப்ளெக்டர் கெடும். ராத்திரி மழையில ஐயம்பேட்டையில இருந்து காஞ்சிபுரம் திரும்பும்போது எதிரே நடந்து வர்றவர் மறுபடியும் தெரியமாட்டார்.